நாமத்தை ஒதுக்கிப் பாரு

வாடா பேராண்டி. மலையைச் சுத்திட்டுத்தானே வர்றே? கால் நொண்டுதே. என்ன வேண்டுதல்னு உங்க அப்பனைக் கேட்டேன். பின்கட்டு ஷெட்டுல நீ செய்யிற ஸ்பீக்கர் பாக்ஸ் தொழிலை எவனாவது பெரிய கம்பெனிக்காரன் மொத்தமா வாங்கிக்கணுமாம். நல்ல வேண்டுதல்தான். பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே ஜீவனாம்சத்துக்கு மனு போடுறே.

அமெரிக்காவுல ஜேம்ஸ் லான்சிங்னு ஒருத்தன் இருந்தான். கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? நாப்பது வருஷம் மைக் செட் கட்டுனவன்டா நான். காது மந்தம்னு நெனச்சி நீங்க என் எதிர்லயே எல்லாத்தையும் பேசுறீங்க. அந்த லான்சிங்கும் உன்னை மாதிரிதான். கோன், காயில்னா சோறு தண்ணி வேணாம், வரவு செலவுன்னா தலைவலி வந்துடும். 1941-ல அவன் பட்டறையை ஆல்டெக்குன்னு ஒரு கம்பெனி வாங்கி, 'ஆல்டெக் லான்சிங்'னு போர்டு மாட்டுச்சு. நம்மாளுக்கு உள்ளங்காலு வரைக்கும் குளுந்துபோச்சு. அஞ்சு வருஷம் அங்கேயே உழைச்சிட்டு, 1946-ல வெளியே வந்து தன் பேருல கடை போட்டான். போட்டதும் ஆல்டெக்காரன் வந்து நின்னான். "ஏம்பா, லான்சிங் எங்க பேராச்சே?" இதுல வேடிக்கை என்னன்னா, அவன் பொறந்தப்ப மார்ட்டினி. பின்னால மாத்திக்கிட்ட பேருதான் லான்சிங். அதையும் வித்தாச்சு. கடன் கழுத்தை நெரிச்சுது. 1949-ல பாவம், தன் உசுரைத் தானே முடிச்சிக்கிட்டான்.

பேருத் தகராறு அதோட ஓயல. பொறவு வந்தவங்க முழுப் பேரை விட்டுட்டு இனிஷியலை மட்டும் பெட்டியில ஒட்டுனாங்க. நம்மூரு சவுண்டு சர்வீஸ் பசங்க 'ஜேபிஎல் இருக்குண்ணா'ன்னு நெஞ்சை நிமித்துறானுங்களே, அது அந்த மனுஷன் மிச்சம் வெச்ச மூணு எழுத்து. 1969-ல அது ஹார்மன் கைக்குப் போச்சு. 2017-ல ஹார்மனையே 800 கோடி டாலர் கொடுத்து சாம்சங் வாங்கிடுச்சி. சாம்சங்னா யாரோ இல்லடா. நம்ம கூட்ரோட்டுல திரும்பி ஒரகடம் தாண்டிப் போனா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யிறானே, அவன்தான்.

ஏகேஜி மைக்கும் அந்த ஹார்மன் கூடையிலதான் இருந்துச்சு. 1947-ல வியன்னாவுல பொறந்தது. அதே 2017-ல ஹார்மன் அந்த ஊருப் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுச்சு. அங்க இருந்த கைகாரங்க சிலபேரு சேர்ந்து 'ஆஸ்ட்ரியன் ஆடியோ'ன்னு புதுசா ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப பேரு ஒரு வீட்டுல, கை ஒரு வீட்டுல.

மகிந்திரா சிட்டியில வேலை பாக்குற உன் மச்சான் இருக்கானே, மூணு கடை ஏறி இறங்கி டெனான், மராண்ட்ஸ், பவர்ஸ் அண்டு வில்கின்ஸ்னு மூணு பெட்டிக்குப் பேரம் பேசினானாம். மூணும் இன்னும் சிலதும் சேத்து 35 கோடி டாலருக்கு 2025-ல அதே ஹார்மன் வாங்கியாச்சு. கோயில் வாசல்ல மூணு பூக்கடையில விலை கேட்டிருக்கான், மூணு கூடையும் ஒரே ஆயாவோடது. பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் பத்து வருஷத்துல நாலு கை மாறியிருக்கு. நம்ம தெரு ஆடுகூட அத்தனை கை மாறுனதில்ல.

நீ சுத்திட்டு வந்த மலைக்கோயில்ல பாடலாத்ரி நரசிம்மருக்கு ஆரத்தி காட்டுறப்ப பட்டர் நெத்தி நாமத்தை லேசா ஒதுக்குவாரே, உள்ளே மூணாவது கண்ணு தெரியுமே? நீ வேண்டிக்கிட்டதோட சரி, நிமிந்து பாத்திருக்க மாட்டே. கடையில பெட்டி வாங்குறப்ப மச்சானை அந்தப் பேரை அப்படி ஒதுக்கிப் பாக்கச் சொல்லு.

விக்காதேன்னு நான் சொல்லல. துட்டு வந்தா மொத காரியமா என் மூக்குக் கண்ணாடியை மாத்து. பத்திரத்துல ஷெட்டை எழுது, மரத்தை எழுது, மெஷினை எழுது. பெட்டி மேல உங்க ஆயா பேரை ஒட்டி வெச்சிருக்கியே, அதை மட்டும் எழுதிடாதே. கட்டுனதுலேர்ந்து நானே அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கடைசிக் காலத்துல ஒருவாட்டி கூப்பிடலாம்னு ஆசை. அதுக்கும் கொரியாவுக்கு லெட்டர் போடணும்னா எப்படிடா?

சரி, எழுந்திரு. ஆடிக் கூழுக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு. வேப்பமரத்துல கட்டுன கொழாய்ல காயில் எரிஞ்சி கெடக்கு. ஏணியை எடுத்துட்டு வா, நான் கீழ நின்னு புடிச்சிக்கிறேன்.