வால்வுக்கு வக்காலத்து

கேள்வி: டிரான்சிஸ்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும், சிலர் வீட்டில் வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே, ஏன்?

பதில்: அழவில்லை ஐயா, பாட்டுக் கேட்கிறார்கள்! 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தபோதே வால்வுக்கு நாள் குறித்தாயிற்று என்பது சரிதான். ‘300பி’ வால்வைப் பாருங்கள்: ஒற்றை ஆளாக நின்று சுமார் 8 வாட் ஒலி தருவதற்கு, உள்ளே இழை சூடாகவே 6 வாட் தின்கிறது. அளந்து பார்த்தால் பிழையும் அதிகம். ஆனால் அந்தப் பிழைக்குச் சுருதி ஞானம் உண்டு. மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணைத்தான் அது பெரும்பாலும் சேர்க்கிறது. அதாவது ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம். காது அதை அபஸ்வரம் என்று தள்ளாமல், ‘குரலில் கனம்’ என்று மெச்சுகிறது. “அசலில் இல்லாததைச் சேர்ப்பது கலப்படம்தானே?” என்பீர்கள். கலப்படமேதான், அதைத் ‘துல்லியம்’ என்று விற்றால் மோசடி, ‘ருசி’ என்று ஒப்புக்கொண்டால் பொழுதுபோக்கு. “8 வாட் எந்த மூலைக்கு?” என்றால், ஒரே வாட்டில் 95 டெசிபல் எழுப்பும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, பக்கத்து வீட்டாரைப் பகைத்துக்கொள்ள அது தாராளம். உண்மை வேண்டுவோர் டிரான்சிஸ்டரை நாடட்டும். உபசாரம் வேண்டுவோருக்கு வால்வு. மார்கழியில் குளிர்காயவும் உதவும்!