துப்பினாலும் ஓடும் சைக்கிள்

எய்யா, முதுகுப் பக்கம் பையில பிதுங்கிக்கிட்டு நிக்கே, அது என்னது? மறுவீட்டுக்குப் பலகாரம் கட்டுன மாதிரி அஞ்சாறு உறை. ஜெல்லா? நான் கோந்துன்னுல்லா நெனைச்சேன். சரி, சைக்கிளைச் சாத்திட்டு இந்தத் திண்ணையில உக்காரு. கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டரு. அதுக்கே நாலு உறை காலியா? நல்லவேளை, தூத்துக்குடி வரைக்கும் போகலை. கடனாளி ஆயிருப்பே.

கோவிச்சுக்கிடாதே. பாதிதான் கேலி. நானும் ஒரு காலத்துல கேரியர்ல பருத்தி மூட்டையை வச்சுக் கட்டி மிதிச்சவன்தான். கண்ணு இருட்டி ஓடை மரத்தடியில விழுந்து கிடந்திருக்கேன். கருப்பட்டித் துண்டு ஒண்ணு வாயில போட்டப்புறம்தான் வீடு எந்தத் திசைன்னே தெரிஞ்சுது. அதனால இனிப்பு வேலை செய்யாதுன்னு சொல்ல மாட்டேன். உடம்புக்குள்ள ஒரு குதிரு இருக்கு. தசையிலயும் ஈரல்லயுமா 400, 500 கிராம் மாச்சத்து அடைச்சு வச்சிருக்கும். முக்கி மிதிச்சா ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போறவனுக்கு மணிக்கு 30லேருந்து 60 கிராம் இனிப்பு உள்ள போனா ஆளு நிமிந்துருவான். பிரான்சு சைக்கிள் பந்தயத்துல அஞ்சாறு மணி நேரம் மலை ஏறுதானுகளே, அவனுக 90 கிராமெல்லாம் தள்ளுதானுக. அதுக்கு வயித்தையே பழக்கி வச்சிருக்கானுக. நீ முக்கா மணி நேரம் மிதிச்சிட்டு, நெய்ப்பொங்கலும் ரெண்டு வடையும் உள்ள தள்ளிட்டு வந்து நிக்கே. உன் குதிரு மூடியே இன்னும் திறக்கலையே, ராசா!

ஒரு உறையில 20, 25 கிராம் இனிப்பு. நூறு ரூவான்னு நீதான் சொன்னே. இந்தா தொங்குதுல்லா வாழைத்தாரு, அதுல ரெண்டு பழம் உரிச்சா கணக்குச் சரியாப்போச்சு. நானாச் சொல்லலை. 2012ல அமெரிக்காவுல 14 சைக்கிள்காரங்களை 75 கிலோமீட்டரு ஓட்ட விட்டாங்க. ஒருதரம் வாழைப்பழம், ஒருதரம் இனிப்புத் தண்ணி. ரெண்டுக்கும் நேரத்துல வித்தியாசம் இல்ல. அந்தச் சோதனைக்குக் காசு குடுத்தது யாருங்கே? டோல்னு ஒரு பழக் கம்பெனி. வாழைக்காரன் வாழையைத்தானே தூக்கிப் பேசுவான். நானும் தாரு தொங்க விட்டவன்தான், அதையும் மனசுல வச்சுக்கோ.

ஜெல்லு, பொடி விக்கிறவன் மட்டும் என்ன யோக்கியம்? அதே வருசம் ஆக்ஸ்போர்டுக்காரங்க 104 சரக்குக்குச் சொல்லிக்கிட்ட 431 பெருமையை எண்ணி எடுத்து, ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க. நோண்டிப் பாக்கும்படியா இருந்தது 74 ஆராய்ச்சி. தேறுனது மூணு. பேரன் இதை வாசிச்சுக் காட்டுனப்ப சிரிச்ச சிரிப்புல பல்லு செட்டு கழண்டு விழுந்துட்டு.

அதைவிட ஒரு கூத்து உண்டு. 2004ல இங்கிலாந்துல ஒம்பது பேரை 40 கிலோமீட்டரு ஓட்டச் சொல்லி, மாவுச்சத்துத் தண்ணியை வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்ப வச்சாங்க. முழுங்கக் கூடாது. இனிப்பே தெரியாத தண்ணி அது. துப்புனவன், அதே ஆளு வெறும் தண்ணி கொப்பளிச்ச அன்னைக்கு ஓட்டுனதைவிட ஒண்ணரை நிமிசத்துக்கு மேல முந்திட்டான்! வாயி தந்தி அடிச்சவுடனே, சோறு வந்துட்டுன்னு மூளை கயித்தை அவுத்து விட்டுருது போல. அப்ப நீயும் ஜெல்லை வாயில வச்சுட்டுத் துப்பிரேன். போற வழியில எறும்பாவது பொழைக்கும்.

எங்க பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாங்கிக்கோன்னு சொல்லுவேன்னு பாத்தியா? 2020ல புவிசார் குறியீடே வாங்குன சரக்குதான். ஆனா கடலையில எண்ணெய் இருக்கு, செமிக்க நேரமாகும். மிதிக்கும்போது தின்னா வயித்துல கல்லா உக்காந்துக்கிடும். வீட்டுக்குப் போய்த் தின்னு. காப்பிக்கு மட்டும் நான் குறுக்க நிக்க மாட்டேன், அது மெய்யாவே காலைத் தட்டி விடும். கரிசல் வெயில்ல ரெண்டு, மூணு மணி நேரம் மிதிச்சா சட்டையில வெள்ளைக் கோடு விழுதுல்லா, அது உப்பு. அன்னைக்கு வெறும் தண்ணியாக் குடம் குடமா ஊத்தாதே. எலுமிச்சம்பழம், உப்பு, கொஞ்சம் கருப்பட்டி கரைச்சுக்கோ. அமினோ பொடிங்கியே, அதை வாங்குற காசுக்கு ஒரு மாசம் சுண்டல் தின்னலாம்.

என்ன, கெளம்பிட்டியா? செத்த நில்லு. நீ பேசிக்கிட்டு இருக்கையிலேயே பின்சக்கரத்தை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தேன். காத்து பாதிதான் இருக்கு. அதை வச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் மிதிச்சே? பம்பு கதவுக்குப் பின்னால இருக்கு, எடுத்து அடிச்சுக்கோ. அதுக்குக் காசு வேண்டாம். நீ தின்ன ரெண்டு பழத்துக்கு மட்டும் குடுத்துட்டுப் போ.