டிக்கியில் டேக்சா: விஷாரத்துக் குடும்பங்களின் துபாய்ப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

பெரிய நகரத்துக்குப் போய்வருவது மேல்விஷாரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. தோல் வியாபாரத்துக்காகச் சென்னைப் பெரியமேட்டுக்கும் ஊருக்குமாக அலைந்த பரம்பரை அது. போன இடத்தில் தங்க வழி வேண்டுமே என்று, அவ்வூர்த் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சித்திக் சராய் என்ற பயணிகள் விடுதியையே கட்டிவிட்டார். ஆகவே, அல் ஐனில் பிழைக்கும் ஒரு விஷாரத்துக் குடும்பம் சுமார் 140 கி.மீ. தள்ளியிருக்கும் துபாய்க்கு விடுமுறையில் கிளம்புவதை வெறும் ஊர்சுற்றல் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு வரலாறு உண்டு. வரலாறு இருந்தால் ஆய்வும் வேண்டும்.

முதலில் காலப் பகுப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2006 வரை வியாழனும் வெள்ளியும் விடுமுறை, இது முற்காலம். பிறகு 2021 முடிய வெள்ளி, சனி, இது இடைக்காலம். 2022 ஜனவரி முதல் வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு முழுநாள், இது தற்காலம். முதல் இரண்டு காலங்களிலும் பயணத்தின் நடுவே ஜும்ஆ தொழுகை வந்துவிடும்; எந்தப் பள்ளிவாசல், வண்டியை எங்கே விடுவது என்பதிலேயே பாதிப் பகல் போகும். தற்காலத்தில் அந்தச் சிக்கல் தீர்ந்து வேறொன்று முளைத்தது. ஊரிலும் ஞாயிறு, இங்கும் ஞாயிறு என்பதால், வண்டி நகர்வதற்குள் வீடியோ அழைப்பில் அம்மா வந்துவிடுகிறார்: “இன்னுமா கிளம்பல?” ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விடுமுறை. அங்கே சின்னம்மா வீடு இருப்பவர்கள் ஏன் முந்தாநாளே வரவில்லை என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு என்று முடிவான பயணம் பத்தரைக்குத் தொடங்குவது ஏன்? பெண்கள் உடுத்தும் நேரம், குழந்தைகளின் தூக்கம் என்று மேலோட்டமான விளக்கங்கள் உண்டு. அவை ஏற்கத்தக்கவை அல்ல. காரணம் டேக்சா, அதாவது பிரியாணி வேகும் பெரிய பாத்திரம். சீரகச் சம்பாவும் காய்ந்த மிளகாய் விழுதும் சேர்ந்து தம்மில் இருக்கும்போது எந்தக் கடிகாரமும் செல்லாது. இறக்கியபின் மூடியைச் சுற்றி ஈரத்துணி, அதன்மேல் பழைய போர்வை, டிக்கியில் ஸ்டெப்னி பக்கம் சாயாமல் இருக்க இரண்டு தலையணை முட்டு. எண்ணெய்க் கத்திரிக்காய் டிக்கிக்குப் போவதில்லை. அது முன்சீட்டில், மடியில், இரண்டு கையாலும் பிடித்தபடி வரும்.

துபாயின் புவியியலை இந்த டேக்சாதான் தீர்மானிக்கிறது. சூடு ஆறுவதற்குள் திறந்தாக வேண்டும் என்பதால், முதல் நிறுத்தம் எந்த அதிசயக் கட்டடமும் அல்ல. அல் குசைஸில் மச்சான் வீடு. “வெறுங்கையோட வரக்கூடாதா?” என்று அவர்கள் கேட்பதும், அங்கேயும் அடுப்பில் ஒரு டேக்சா இருப்பதும் ஆய்வில் மாறாத தரவுகள். அதன்பின் அஸர் தொழுகை வரை நகரம் ஒத்திவைக்கப்படுகிறது.

மாலையில் மெட்ரோ. 2009 செப்டம்பர் 9இல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. பிள்ளைகளுக்கு முன்கண்ணாடிதான் வேண்டும். அந்த முனையில் அதிகக் கட்டணப் பெட்டி இருந்தால் அத்தா சமாதானம் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் தின்றால் 100 திர்ஹம் அபராதம் என்பதால் முறுக்குக்கும் இடமில்லை.

பிறகு புர்ஜ் கலீஃபா: 2010இல் திறப்பு, 828 மீட்டர், 124ஆம் மாடியில் பார்வைத் தளம். அத்தா நுழைவுக் கட்டணத்தைத் தலைகளால் பெருக்கி, ரூபாயாக மாற்றி, “கீழேர்ந்து பார்த்தாலே நல்லாத்தான் இருக்கு” என்கிறார். கணக்கில் பிழையில்லை. படம் எடுப்பதுதான் கடினம். கோபுரத்தின் உச்சி விழுந்தால் பிள்ளைகளின் கால் விழாது. இரண்டும் விழ யாராவது தரையில் படுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மச்சானுக்கு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், இந்தக் குடும்பங்கள் துபாயைப் பார்க்கப் போவதாகச் சொல்வது ஆதாரமற்றது. அவர்கள் விஷாரத்தாரைப் பார்க்கப் போகிறார்கள். துபாய் வழியில் இருக்கிறது.

கிளம்பப்போகிறவர்கள் கவனத்துக்கு: துபாயில் தெருவோரம் வண்டி நிறுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கிடையாது, சனிக்கிழமை உண்டு. டேக்சாவை ஞாயிறன்று ஏற்றுங்கள்.