விமானத்தை இறக்கிவிட்டுக் கதை எழுதியவர்

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் முதலமடையில் விமானம் இறங்காது. கோயமுத்தூர் போகிறது எதுவாவது மாந்தோப்புக்கு மேலே இரைந்துகொண்டு போகும், அவ்வளவுதான். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து பத்திரிகைக் கட்டு மட்டும் தவறாமல் இறங்கும். குமுதமோ விகடனோ, எதைப் பிரித்தாலும் உள்ளே சுஜாதா உட்கார்ந்திருப்பார். எங்கள் பெரியப்பா பல வருஷம் "அந்தப் பொண்ணு நல்லா எழுதுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை. உண்மை தெரிந்தால் படிப்பதை விட்டுவிடுவாரோ என்ற பயம்தான்.

அந்தப் பொண்ணு ஒரு மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். பெயர் எஸ். ரங்கராஜன். 1935-ல் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வளர்த்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் பிஸிக்ஸும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்தவர். அதே காலத்தில் அதே எம்.ஐ.டி.யில் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் விமானப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அந்த அப்துல் கலாம் எதையாவது மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும் வேலைக்குப் போனார். நம்மவருக்கு வாய்த்ததோ மேலே போனதை ஒழுங்காகக் கீழே இறக்கும் வேலை. மீனம்பாக்கத்தில் ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர்.

கதாசிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது என்பது என் கட்சி. நான்கு பேர் நாலு திசையிலிருந்து வருவார்கள், யாரும் யாரோடும் மோதக்கூடாது, எல்லோரும் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் முடிய வேண்டும். தொடர்கதை என்பதும் அதுதானே? சில தொடர்களைக் கடைசி வாரத்தில் அவர் தடாலென்று தரையில் போட்ட வேகத்தைப் பார்த்தால், பகல் வேலையில் ஓடுபாதை கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும் என்று தோன்றும்.

பெயருக்கு வருவோம். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். ஒரே ஓடுபாதையில் இரண்டு ரங்கராஜன்கள் இறங்கினால் விபத்து. கண்ட்ரோலர் யோசித்தார், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். 1968-ல் 'நைலான் கயிறு' வந்தபோது சுஜாதா என்றால் கொலை, வக்கீல் கணேஷ் என்று ஆகிவிட்டது. வீட்டில் இருந்த நிஜ சுஜாதா இதற்கு ராயல்டி கேட்டாரா என்பது குடும்ப விஷயம்.

டில்லியில் விமானத் துறையில் பல வருஷம் இருந்துவிட்டு, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். வானத்தை அப்போதும் விடவில்லை. 'வானமென்னும் வீதியிலே' என்று தலைப்பிலேயே வைத்து ஒரு நாவல் எழுதினார். 1986-ல் கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்துக்காக அக்னிபுத்ரா என்றொரு ஏவுகணையைத் திருடர்கள் கையில் கொடுத்தார். 1989-ல் கலாம் கூட்டத்தார் நிஜமாகவே ஏவுகணை விட்டார்கள், அதன் பெயர் அக்னி. பழைய காலேஜ்காரர்கள் கடிதத்தில் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று பெரியப்பா சத்தியம் செய்வார். ஆதாரம்? பெரியப்பாதான்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் தலைமையில் ஒரு குழு செய்த சாமான்தான் மின்னணு ஓட்டு இயந்திரம். அந்த ஜாதி இயந்திரத்துக்கு முதல் பரீட்சை நடந்தது எங்கள் கேரளத்தில், 1982-ல், பறவூர் தொகுதியின் 50 வாக்குச் சாவடிகளில். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை இயந்திரமே வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனார். பலிக்கவில்லை. அவர் பயந்த அதே இயந்திரம் அவரை 123 ஓட்டில் ஜெயிக்க வைத்தது. உடனே தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸுக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்து, அவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டு. ஜோஸ் ஜெயித்தார். சட்டத்தைத் திருத்தவே 1988 ஆகிவிட்டது. இப்படியொரு கடைசி அத்தியாயம் எழுத சுஜாதாவுக்கே துணிச்சல் வந்திருக்காது.

விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில், நாம் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் இந்த 2020-களில், ஆளுக்கு இரண்டெழுத்துப் பேர்தான். நிலா, சிபி, ரவி. பிள்ளை பெற சர்க்கார் அனுமதி வேண்டும். கூடவே தத்துவம் பேசும் ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த நாய் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பேர் விஷயத்தில் மனுஷர் கோட்டை விட்டார். எல்லையில் எங்கள் பேரைத் தமிழில் ஒருவர் கேட்டு, மலையாளத்தில் ஒருவர் எழுதி, ஆதாரில் ஒருவர் அடித்து, என் பேர் மட்டுமே மூன்று விதமாக இருக்கிறது. இரண்டெழுத்துத் திட்டம் வந்தால் முதலில் கையெழுத்துப் போடுபவன் நான்.

2008 பிப்ரவரி 27-ல் போய்ச் சேர்ந்தார். அவர் வசனம் எழுதிய 'எந்திரன்' 2010-ல் வந்தது. அதற்கு முன் அவர் வசனம் எழுதிய ரஜினி படம் 'சிவாஜி', 2007. விசேஷம் என்னவென்றால், அவருடைய முதல் கதை 1953-ல் வந்த பத்திரிகையின் பேரும் 'சிவாஜி'தான். அந்த இதழின் பிரதி அவர் கையிலேயே இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் முதலமடைக்கு ஒரு கடுதாசி போடுங்கள். எங்கள் தோப்பில் ஜனவரியிலேயே காய் வந்துவிடும், கூடையோடு ஸ்டேஷனில் நிற்கிறேன்.