மைத்ரியில் இன்று யார் பாத்திரம் கழுவுவது?

கேள்வி: அண்டார்டிகாவில் ஒரு விஞ்ஞானியின் நாள் எப்படித் தொடங்கும்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: "இன்று யார் முறை?" என்று பட்டியலைப் பார்ப்பதில்! சமையலறை முறை தன்னுடையது என்றால் சமையல்காரருக்குக் கைகொடுத்து, மேசை துடைத்து, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் ஆராய்ச்சி. நம் மைத்ரி நிலையத்தில் குளிர்காலத்தில் தங்குவது ஏறக்குறைய 25 பேர். முனைவருக்கும் முறை உண்டு, மெக்கானிக்குக்கும் முறை உண்டு.

கேள்வி: கண்டம் முழுக்கப் பனி. தண்ணீருக்கு என்ன பஞ்சம்?
(விவசாயி, சிவகங்கை)

பதில்: கட்டிப் பனி தாகம் தீர்க்காது. அதை உருக்க டீசல் வேண்டும், டீசல் கப்பலில் வரவேண்டும். மைத்ரிக்குக் கைகொடுப்பது பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரி. குளிர்காலத்தில் மேலே உறைந்தாலும் அடியில் தண்ணீர் நிற்கும், அதை இறைக்கிறார்கள். குழாய் உறைந்துவிடாமல் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அங்கே ஒரு வாளி தண்ணீர் என்பது கொஞ்சம் டீசலும் சேர்ந்ததுதான்.

கேள்வி: அங்கே ராத்திரியே கிடையாதாமே?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: கோடையில் ஏறக்குறைய 2 மாதம் சூரியன் மறையாது. அந்தக் கடனைக் குளிர்காலம் வட்டியோடு வசூலிக்கும்: 2 மாதம் சூரியன் எட்டியே பார்க்காது. தூக்கம் கெடும், மனம் கனக்கும். மருந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிச் சாப்பிடுவதுதான். ஜூன் 21 வாக்கில், இருட்டின் பாதியைத் தாண்டியதை எல்லா நாட்டு நிலையங்களும் திருவிழாவாகக் கொண்டாடி வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். அவர்கள் ஊர்ப் பொங்கல் அது.

கேள்வி: பனிப்புயலில் வெளியே போகமுடியுமா?
(பள்ளி மாணவன், நாகர்கோவில்)

பதில்: போகாமல் இருப்பதே நல்லது தம்பி. போயே ஆகவேண்டும் என்றால் கட்டடத்துக்குக் கட்டடம் கட்டியிருக்கும் கயிறுதான் கண். நீட்டிய கை தெரியாது, பக்கத்தில் நிற்பவர் கத்துவது கேட்காது. கையுறைக்குள் கயிற்றை இறுக்கி, ஓர் அடி, இன்னோர் அடி என்று நகரவேண்டும். பிடியை விட்டால் பத்தடியில் இருக்கும் கதவும் தொலைந்துபோகும்.

கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால்?
(ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை)

பதில்: நிலையத்திலேயே மருத்துவர் உண்டு. மருத்துவருக்கே வந்தால்? மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30 அன்று அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனித் ரோகோசவ், வயது 27, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். வானிலையாளர் கருவிகளை எடுத்துக்கொடுத்தார், மெக்கானிக் கண்ணாடி பிடித்தார். இரண்டே வாரத்தில் மருத்துவர் வேலைக்குத் திரும்பினார். பட்டியலில் இல்லாத முறை வந்தாலும் அங்கே யாரும் ஒதுங்குவதில்லை.

கேள்வி: பென்குவினோடு செல்ஃபி எடுக்கலாமா?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். அது அதன் வீடு, நாம் விருந்தாளி. 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அப்படித்தான் நம்மை நடக்கச் சொல்கிறது. ஸ்லெட்ஜ் இழுத்த நாய்களைக்கூட 1994-க்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் குப்பை கப்பலேறி ஊர் திரும்புகிறது.

கேள்வி: இவ்வளவு செலவழித்துத் தினமும் காற்றையும் குளிரையும் அளந்து என்ன பயன்?
(வியாபாரி, ஈரோடு)

பதில்: நீங்கள் தினமும் கணக்கு எழுதுவது எதற்கு? நஷ்டம் எந்த நாளில் தொடங்கியது என்று தெரியத்தானே! பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து வெயிலின் கேடான கதிர்களைத் தடுக்கும் ஓசோனை ஆள் மாறி ஆள் அளந்துகொண்டே வந்தார்கள். பல ஆண்டுகள் செய்தி என்று ஒன்றும் இல்லை. 1985-ல் அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான் ஓசோன் ஓட்டையை உலகத்துக்குச் சொன்னார்கள். 1987-லேயே மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த, ஓசோனைக் கெடுக்கும் வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. இருட்டிலும் புயலிலும் எழுதிய அந்த எண்கள்தான் இன்று நம் பிள்ளைகளின் தோலையும் கண்ணையும் காக்கின்றன. இதைவிட லாபமான கணக்கு எனக்குத் தெரியாது.

கேள்வி: எனக்கும் போக ஆசை. விஞ்ஞானியாக இருந்தால்தான் முடியுமா? வயது தடையா?
(ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: மருத்துவர், சமையல்காரர், எலெக்ட்ரீஷியன், வண்டி மெக்கானிக் எல்லோரும் போகிறார்கள். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம்தான் பயணத்தை நடத்துகிறது. உடல் பரிசோதனையில் தேறி, இமயமலையில் பனிப் பயிற்சி முடிக்கவேண்டும். வயதா? இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் அங்குள்ள நம் இன்னொரு நிலையமான பாரதிக்குப் போனார். 403 நாள் அங்கே இருந்து, செயற்கைக்கோள் தகவல்களைப் பெறும் பணியை முடித்துத் திரும்பினார். உங்கள் வகுப்பு மாணவிகளிடம் இதை நாளைக்கே சொல்லுங்கள், டீச்சர்.