சாகசத்தின் எடை

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களினூடே 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து நெளிந்து, நுவரெலியாவில் நிறைவுறும் பீக்கோ நடைபாதையிலே, கந்தப்பளைப் பக்கம் வரும் யாத்திரிகர்களுள், வெறும் நடை தம் வீரத்துக்கு அற்பமெனக் கருதிப் பாறையேற்றத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ள விழையும் மகானுபாவர் எவரேனும் இருப்பின், அவரது கணித சாஸ்திரம் விசேஷமானது. பாரம் குறைக்கும் நிமித்தம் பல் துலக்கும் பிரஷின் காம்பை அறுத்தெறிந்துவிட்டு, 60 மீற்றர் கயிறென்று ஏறத்தாழ 4 கிலோவை மனமுவந்து முதுகில் ஏற்றிக்கொள்வது அவரது சித்தாந்தம்.

பக்கத்து மலையிலோ, கயிறும் தலைக்கவசமுமின்றி, இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் சரிவிலே கொழுந்தெடுக்கின்றனர். நாளொன்றுக்கு 18 கிலோ தேறாவிடில் பல தோட்டங்களில் அவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்தான். அவர்களுடைய முன்னோரோ 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே மூட்டையுடன் நடந்து வந்தவர்கள். பாரம் சுமந்து மலையேறும் காரியம் ஒன்றே; பணம் கொடுத்துச் செய்தால் சாகசம், பணம் வாங்கிச் செய்தால் கூலி. ஆயினும் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை நியாயஸ்தர்: சாகசக்காரரின் பையைத் தராசில் ஏற்றினாலும், கயிற்றில் கொழுந்தில்லை என்று அரைப்பேர்கூடப் போடமாட்டார்.