நாமினி பத்திக்கு இன்னும் நாலு வரி வேணுமுங்க

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.

அய்யா,

கோவை பீளமேட்டில் உட்கார்ந்து ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை உண்டா, கொதிப்பு உண்டா, சிகரெட் உண்டா, அப்பன் எதனால் செத்தார் என்று என்னைத் தோண்டித் துருவியிருக்கிறீர்கள். நியாயம்தான். நாமினியை மட்டும் பேர், வயசு, உறவுமுறையோடு விட்டுவிட்டீர்களே? அவருக்குக் கடன் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதுங்களா?

2021 ஏப்ரலில் பெருந்துறைப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர், விபத்தில் அடிபட்டு எங்க பீளமேட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ராத்திரி ஆம்னி வேனில் வீட்டுக்குக் கிளம்பினார். கூட மனைவியும் உறவினர் ஒருவரும். பெருமாநல்லூர்ப் பக்கம் வேன் எரிந்தது. உள்ளே இருந்தவர் அவர் மட்டும்தான். உறவினர் கேனில் பெட்ரோல் வாங்கியது பங்க் கேமராவில் பதிவாகியிருந்தது, மனைவி, உறவினர் இருவரும் கைதானார்கள். கடன் ஒன்றரைக் கோடி, காப்பீடு மூன்றரைக் கோடி, நாமினி மனைவி, உறவினருக்குப் பேசிய கூலி ஓரிரு லட்சம் என்றது போலீஸ். காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. உங்க ஏஜென்ட் இந்தக் கமிஷனுக்குக் கேட்டைத் திறந்து உள்ளே வருவாருங்களா?

2025-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொன்று. அரசுப் பள்ளி ஆய்வக உதவியாளர் பேரில் சுமார் மூன்று கோடிக்குப் பாலிசிகள். பாம்பை ஏவிக் கொன்றதாகக் கைதானவர்களில் பெற்ற மகன்களும் உண்டு. முதல் பாம்பில் பிழைத்தவர், அடுத்த பாம்பில் போனாராம். சந்தேகத்தைக் கிளப்பியது காப்பீட்டு நிறுவனம்தான், பாராட்டுகள். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு இத்தனை பாலிசியா என்ற சந்தேகம், பிரீமியம் வாங்கும்போது எங்கே போயிருந்ததுங்க?

முன்பின் தெரியாதவன் உயிர்மேல் பாலிசி எடுத்துச் சூதாடுகிறார்கள் என்று 1774-இலேயே இங்கிலாந்தில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்நியனுக்கு அனுமதி இல்லை, சொந்தபந்தத்துக்கு உண்டு. அந்த நம்பிக்கையில்தான் உங்க கடை இன்றைக்கும் நடக்கிறது.

ஆகவே நாமினி பத்தியில் சேர்க்க என் சிபாரிசு: கடன் எவ்வளவு? தவணை எத்தனை பாக்கி? பாம்புப் பிடாரன் யாரையாவது தெரியுமா? கேனில் பெட்ரோல் வாங்கும் வழக்கம் உண்டா? முடிந்தால் ஒரு ஈசிஜி. பாலிசித் தொகையைக் காதில் சொல்லும்போது எடுத்தால் போதும்.

என்னை மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். காரில் கூட்டிப்போகிறேன் என்று பையன் நிற்கிறான். நல்ல பையன்தானுங்க. நான் டவுன் பஸ்ஸிலேயே போய்க்கிறேன்.

இப்படிக்கு,
நாமினி பத்தியை இன்னும் நிரப்பாத ஒருவன்